காணாமல் போன பனிமூட்டம்

(கொடைக்கானலில் நடந்த முன்னாள் மாணவர் சந்திப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



போன மாதம் செயலாளர் அண்ணன் போன் செய்தார். "இருபது நிமிஷம் ஏதாவது தொழில்நுட்பம் பத்திப் பேசுப்பா. ஏ.ஐ. பத்திப் பேசினா கூட்டம் எந்திரிச்சுப் போகாது" என்றார். "அண்ணே, நான் பழைய வீடியோ கேம் பத்திப் பேசுறேன்" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு, "சரி, மதிய சாப்பாட்டுக்கு முன்னாடி போட்டுடறேன்" என்றார். ஆகவே உங்கள் பசிக்கும் எனக்கும் இடையில் இப்போது போட்டி. சீக்கிரம் முடிக்கப் பார்க்கிறேன்.

என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். 1990களில் வீட்டு டி.வி.யில் மாட்டி விளையாடும் கேம் பெட்டி ஒன்று வந்தது. ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1983-ல் வெளியிட்ட ஃபேமிலி கம்ப்யூட்டரைப் பார்த்து யார் யாரோ நகல் எடுத்துச் செய்த பெட்டி அது. கேசட்டின் மேல் '9999 இன் 1' என்று போட்டிருப்பான். உள்ளே முப்பதோ நாற்பதோதான் இருக்கும், அவையே திரும்பத் திரும்ப வரும். அந்த விளையாட்டுகளுக்குப் பெயர் என்னவென்று நமக்குத் தெரியாது. நாமே பெயர் வைத்துக்கொண்டோம். டாங்கி கேம், சர்க்கஸ் கேம், கோடாலி கேம். வேலைக்குப் போன பிறகுதான் டாங்கி கேம் என்பது நாம்கோ கம்பெனியின் 1985-ம் வருட 'பேட்டில் சிட்டி' என்று எனக்குத் தெரிந்தது. அந்த ஃபேமிலி கம்ப்யூட்டர் கேசட்டை அவர்கள் ஜப்பானுக்கு வெளியே விற்கவே இல்லை. ஆனால் பழநி அடிவாரத்தில் இருந்த பையனுக்கெல்லாம் அது மனப்பாடம்.

கோடாலி கேம் கதை இன்னும் வேடிக்கை. அதன் பெயர் 'அட்வென்ச்சர் ஐலண்ட்'. 1986-ல் 'ஒண்டர் பாய்' என்று ஒரு கேம் வந்தது. அதைச் செய்தவர்கள் ஒரு சின்ன கம்பெனி. பெயரும் கதாநாயகனும் சேகா கம்பெனிக்குச் சொந்தம். ஹட்சன் என்ற இன்னொரு கம்பெனி அதை வேறு பெட்டிக்குக் கொண்டுவர விரும்பியது. பெயரைத் தொட முடியாது, பையனைத் தொட முடியாது. என்ன செய்தார்கள்? அதே காடு, அதே கோடாலி. பையனை மட்டும் எடுத்துவிட்டுத் தொப்பி போட்ட ஒரு குண்டு மனிதனை வைத்தார்கள். அந்த ஹட்சனும் 2012-ல் கொனாமியோடு இணைக்கப்பட்டுவிட்டது. இப்போது இதில் எது யாருக்குச் சொந்தம் என்று பார்க்க ஒரு வக்கீலே வேண்டும். பழைய கேம் ஒன்று மறுபடி கடைக்கு வருவதற்கு முதல் தடை இதுதான். தொழில்நுட்பத் தடையெல்லாம் அதற்குப் பின்னால்தான்.

பெரிய கேம்களுக்கு இந்தக் கஷ்டம் இல்லை. மாரியோவும் காண்ட்ராவும் புதுச் சட்டை போட்டு வந்துகொண்டே இருக்கும். 1987-ல் வந்த காண்ட்ராவுக்கு 2019-ல் ஒரு தொகுப்பே போட்டார்கள். நம் சினிமாவில் பாருங்கள், 1964-ல் வந்த 'கர்ணன்' டிஜிட்டலில் சரிசெய்யப்பட்டு 2012-ல் மறுபடி தியேட்டருக்கு வந்து ஓடியது. ஆனால் முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்', 1931-ல் வந்தது, அதன் பிரதி இன்று இல்லை. கேம் உலகத்திலும் கணக்கு இப்படித்தான் இருக்கிறது. அமெரிக்காவில் 'வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன்' என்ற அமைப்பு 2023-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. 2010-க்கு முன் அங்கே வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் முறையாக வாங்கக் கிடைக்காது. நூலகங்கள் அவற்றைத் தூரத்தில் இருக்கும் ஆய்வாளர்களுக்கு இணைய வழியாகக் காட்டலாமா என்று கேட்டதற்கு, 2024 அக்டோபரில் அந்நாட்டுக் காப்புரிமை அலுவலகம் கூடாது என்று சொல்லிவிட்டது.

அப்படி மறுவெளியீடு வந்தாலும் வருவது பழையதுதானா என்பது இன்னொரு கேள்வி. ஹாஸ்டலில் ஜி.டி.ஏ. வைஸ் சிட்டி ஆடாதவர் இந்த அரங்கத்தில் இருந்தால் கை தூக்குங்கள்... பேராசிரியர்கள் தூக்க வேண்டாம் ஐயா. அதில் காரில் ஏறினால் ரேடியோவில் பாட்டு வரும் இல்லையா, அந்தப் பாட்டுகளின் உரிமக் காலம் முடிந்ததால் பிந்தைய வெளியீடுகளில் சில பாட்டுகள் காணாமல் போய்விட்டன. 2021-ல் மூன்று பழைய ஜி.டி.ஏ.க்களையும் பளபளவென்று ஆக்கிப் புதிதாக விட்டார்கள். விடுவதற்கு முன்பே பழையவற்றை இணையக் கடைகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். புதியதோ ஒரே குளறுபடி. கடைப் பலகையில் இருந்த எழுத்தெல்லாம் மாறிப்போயிருந்தது. ஆட்கள் திட்டிய திட்டில் பழையதையும் தங்கள் கடையில் திரும்ப வைத்தார்கள்.

எனக்கு மனதில் ஒட்டிக்கொண்டது இன்னொன்று. 'சைலண்ட் ஹில் 2' என்று 2001-ல் வந்த பேய் விளையாட்டு. ஊர் முழுக்க மூடுபனி. இதை 2012-ல் மறுவெளியீடு செய்தபோது, முடிவான நிரல் கம்பெனியிடம் இல்லை. வேலை முடியாத ஒரு பழைய நிரல்தான் கைக்குக் கிடைத்தது. அதை வைத்து ஒப்பேற்றினார்கள். பனி சரியாக வரவில்லை. பனி விலகியதும் பின்னால் ஒன்றுமே இல்லாத ஊரின் விளிம்பு தெரிந்துவிட்டது. இதைப் படித்தபோது நான் சிரித்தேன். அடுத்த வருடங்களில் எனக்கே அது நடக்கும் என்று அப்போது தெரியாது.

இனிமேல்தான் நான் சொல்ல வந்த விஷயம்.

எங்கள் செட் 2005-ல் சேர்ந்து 2009-ல் முடித்தது. கடைசி வருட ப்ராஜெக்ட்டுக்கு நாங்கள் மூன்று பேர் செல்போன் கேம் ஒன்று செய்தோம். என் அறைத்தோழன் படம் வரைந்தான், நான் நிரல் எழுதினேன், மூன்றாமவன் ரிப்போர்ட் டைப் செய்தான், டீயும் வாங்கி வந்தான். பழநியிலிருந்து கொடைக்கானலுக்குப் பஸ் ஓட்டுகிற கேம். பழநி பஸ் ஸ்டாண்டில் புறப்பட்டு, சவரிக்காடு, வடகவுஞ்சி, பெருமாள்மலை, வெள்ளி நீர்வீழ்ச்சி, கடைசியில் ஏரி. வழியில் காட்டுமாடு நிற்கும். பாறை உருளும். வளைவில் ஹாரன் அடிக்காமல் டூரிஸ்ட் வேன் வரும். மேலே ஏறுகிற வண்டிக்குத்தான் வழி விட வேண்டும் என்ற மலைப்பாதை விதியை எதிர்வண்டி மீறினால் உங்களுக்குப் பத்து மார்க். பின் சீட்டில் ஒருவருக்கு வாந்தி வரும், நிறுத்தாவிட்டால் மார்க் குறையும். இந்த யோசனை டீ வாங்கி வந்தவனுடையது. அதற்காகவே அவன் பெயரை ப்ராஜெக்ட்டில் போட்டது நியாயம் என்று இன்றைக்கும் சொல்வேன்.

இப்போதுள்ள தம்பிகளுக்கு அந்தக் காலப் போன் எப்படி என்று சொல்ல வேண்டும். நோக்கியா தொடக்க கால ஜாவா போன்களில் ஒரு கேம் 64 கிலோபைட்டுக்குள் அடங்கியாக வேண்டும். நீங்கள் இன்று காலை வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒரு 'குட் மார்னிங்' படம் அதைவிடப் பெரியது. திரை அகலம் 128 புள்ளி, உயரம் 128 புள்ளி. அதற்குள் பஸ், மலை, பள்ளத்தாக்கு எல்லாம். சில போனில் 128-க்கு 160, சில போனில் 176-க்கு 208. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வரைய வேண்டும்.

என் நண்பன் வரைந்தான் பாருங்கள். 2006-ல், நாங்கள் இரண்டாம் வருடம் படித்தபோது, குறிஞ்சி பூத்தது. வகுப்போடு மலைக்கு வந்தோம். எல்லாரும் போட்டோ எடுத்துக்கொண்டிருக்க, அவன் ஒரு நோட்டில் கட்டம் போட்டு எதையோ நிரப்பிக்கொண்டிருந்தான். மூன்று வருடம் கழித்து அந்தக் கட்டங்கள்தான் கேமில் ஊதா மலைச்சரிவாக வந்தன. பிறகு பனிமூட்டம். அந்தப் போன்களில் பாதி தெரிந்து பாதி மறைகிற படம் ஒழுங்காக வராது. ஒன்று தெரியும், அல்லது தெரியாது. அதற்கு அவன் ஒன்றுவிட்டு ஒன்று வெள்ளைப் புள்ளி வைத்தான். சதுரங்கப் பலகை மாதிரி. அந்தச் சின்னத் திரையில் அது கலங்கி, நிஜமாகவே பெருமாள்மலையில் இறங்குகிற பனி மாதிரி இருந்தது. பனிக்குள் பஸ் போகும், இரண்டு விளக்கு மட்டும் தெரியும். அதற்கு நாலு ராத்திரி ஆனது. மார்க் கொடுத்தவருக்கு அது கண்ணில்கூடப் படவில்லை. பரவாயில்லை, அவர் ரிப்போர்ட்டின் பைண்டிங்கைப் பார்த்துத்தான் மார்க் போடுவார் என்று எல்லாருக்கும் தெரியும்.

கேம் ஹாஸ்டலில் ப்ளூடூத்தில் பரவியது. பழநியில் மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக் கொடுக்கும் ஒரு கடை. பத்து ரூபாய்க்கு நூறு பாட்டு. அந்த அண்ணனிடம் கேமையும் கொடுத்தோம். அவரும் ஏற்றிவிட்டார். எங்களுக்கு ஒரு பைசா வரவில்லை, நாங்கள் கேட்கவும் இல்லை. பஸ்ஸில் யாரோ ஒரு பெரியவர் எங்கள் கேமை ஆடிக்கொண்டிருந்ததைப் பார்த்த அன்று நாங்கள் மூவரும் ஆடிய ஆட்டம் இருக்கிறதே!

அதோடு மறந்தோம். வேலை, சென்னை, பெங்களூரு, கல்யாணம். நாங்கள் கேம் செய்த போன்களை உருவாக்கிய ஸ்ரீபெரும்புதூர் ஆலை 2006-ல் தொடங்கி 2014-ல் மூடப்பட்டது. வால்பேப்பரும் ரிங்டோனும் கேமும் விற்ற ஏர்செல் 2018-ல் படுத்தது. நோக்கியாவின் கேம் கடையும் இல்லை. அந்தப் பத்து வருடத்தில் இந்தியாவில் செய்யப்பட்ட ஜாவா கேம்கள், கிரிக்கெட்டும் சினிமா கேம்களும், எத்தனையோ. செய்த கம்பெனியின் பெயர்கூடப் பலவற்றில் மிஞ்சவில்லை. யாரும் வருத்தப்படவும் இல்லை, ஏனென்றால் அதை யாரும் ஒரு பொருளாகவே நினைக்கவில்லை.

2021 மே மாதம் என் நண்பன் போய்விட்டான். அந்த மாதம் என்னவென்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு வருடம் முன்பு அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் மகள், அப்போது பத்து வயது, கேட்டாள்: "மாமா, அப்பா ஒரு பஸ் கேம் செஞ்சாராமே, எனக்குக் காட்டுங்க." "அதுக்கென்னடா, அனுப்பி வைக்கிறேன்" என்று சுலபமாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

தேட ஆரம்பித்தேன். ரிப்போர்ட்டின் பின்னட்டையில் ஒட்டிய சி.டி., மேல்பூச்சு உரிந்து, வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரிகிறது. பென் டிரைவை வைரஸ் தின்றுவிட்டது. மெயிலில் அனுப்பியிருந்தேன் என்று ஞாபகம், பாதுகாப்பு காரணமாக இணைப்பு தடுக்கப்பட்டது என்ற செய்தி மட்டும் பத்திரமாக இருக்கிறது. நிரல் எழுதியவன் நான். அலுவலகத்தில் பல கோடி ரூபாய்க் கணக்குகளுக்கு மூன்று இடத்தில் பேக்கப் எடுத்து வைப்பதுதான் என் தொழில். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

கடைசியில் பழநிக்குப் போனேன். அந்தக் கடை இப்போது டெம்பர்ட் கிளாஸ் ஒட்டுகிற கடை. அண்ணனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை, கேமைச் சொன்னதும் தெரிந்தது. "அந்த வாந்தி எடுக்கிற கேமா?" என்றார். மேல் அலமாரியிலிருந்து 40 ஜி.பி. ஹார்டு டிஸ்க் ஒன்றைத் தூசி தட்டி எடுத்தார். "தூக்கிப் போட மனசு வரல தம்பி. இப்பவும் பெருசுங்க பட்டன் போனோட வந்து பழைய பாட்டு ஏத்தச் சொல்லுவாங்க." 'நியூ ஃபோல்டர் 2' என்பதற்குள், கடையின் பெயரை முன்னால் சேர்த்து, எங்கள் பஸ் இருந்தது. 58 கிலோபைட்.

காப்புரிமை மதிக்காத அந்த ஒரு கடைதான் எங்கள் கேமைக் காப்பாற்றியது. இதற்கு நான் என்ன நியாயம் சொல்வது என்று தெரியவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். கம்பெனிகளின் பழைய கேம்கள் பலவும் இப்படித்தான் பிழைத்திருக்கின்றன.

இன்றைய போனில் பழைய ஜாவா கேமை ஓட்ட எமுலேட்டர் என்ற மென்பொருள் இருக்கிறது. ஓட்டினேன். பஸ் ஜெட் விமானம் மாதிரி பறந்தது. அன்று நான் கடிகாரம் பார்த்து நிரல் எழுதவில்லை, போன் மெதுவாக இருந்ததால் பஸ்ஸும் மெதுவாகப் போனது, அவ்வளவுதான். வேகத்தைக் கட்டிப்போட்டேன். அடுத்து ஏரி. ஏரித் தண்ணீரையும் அவன் புள்ளி வைத்துத்தான் வரைந்திருந்தான். பெரிய திரையில் அது தண்ணீராகத் தெரியாமல் கட்டம் போட்ட லுங்கியாகத் தெரிந்தது. போனைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்துக் கண்ணைச் சுருக்கினால் ஏரி வருகிறது. முயன்று பாருங்கள்.

ஆனால் பெருமாள்மலையில் பனி இல்லை. குறிஞ்சிச் சரிவும் இல்லை. கடைக்கு நாங்கள் டிசம்பரில் கொடுத்தது முதல் பதிப்பு. பனியும் குறிஞ்சியும், முடிவில் எங்கள் பெயர் வருகிற பக்கமும், பிப்ரவரியில் சேர்த்தவை. என் கையில் இருப்பது வேலை முடியாத பழைய நிரல்.

மகளிடம் காட்டினேன். ஆடினாள், காட்டுமாட்டைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு, "அப்பா பேரு எங்க மாமா வரும்?" என்றாள்.

பஸ்ஸின் பின்பக்க நம்பர் பிளேட்டைப் பெரிதாக்கிக் காட்டினேன். மூன்று இலக்கம். ஒவ்வொன்றும் அகலம் மூன்று புள்ளி, உயரம் ஐந்து புள்ளி. அது அவனுடைய ரோல் நம்பர். அது எங்கள் மூன்று பேருக்குத்தான் தெரியும், எங்கேயும் எழுதி வைக்கவில்லை. அவள் அந்த எண்ணைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

இங்கே ஒரு பக்கவழி போக அனுமதியுங்கள். நாளைக்கு ஊர் திரும்புமுன் இங்குள்ள சூரிய ஆய்வகத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள். 1899-ல் நிறுவியது. 1904 முதல் சூரியனைப் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள், கண்ணாடித் தட்டிலும் பிலிமிலும். இந்தப் படங்களை முதலில் கணினிக்கு மாற்றியது 8 பிட்டில். அதாவது கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையே 256 படிகள். நம் பழைய கேம் பெட்டியும் 8 பிட்தான். பிறகு அது போதவில்லை என்று 16 பிட்டில், 65,536 படிகளில், மறுபடி முதலிலிருந்து எடுத்தார்கள். எப்படி முடிந்தது? முதல் தடவை நகல் எடுத்ததும் "அதான் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டதே" என்று கண்ணாடியை யாரும் பழைய சாமான்காரருக்குப் போடவில்லை. எந்தத் தட்டு எந்தத் தேதி, எத்தனை மணிக்கு எடுத்தது என்ற குறிப்பும் இருந்தது. தேதி தெரியாவிட்டால் சூரியன் எல்லா நாளும் ஒரே மாதிரி ஒரு வட்டம்தான்.

சரி, கேமுக்கு வருகிறேன். எங்கள் மூன்றாமவன் இப்போது வசதியாக இருக்கிறான். "டேய், புதுசா படம் போட்டு, ஹெச்.டி.யில விட்டுடலாம், செலவு நான் பாத்துக்கிறேன்" என்கிறான். அவன் பாசத்தில் சொல்கிறான். ஆனால் எனக்குச் சம்மதம் இல்லை. வேறு யாராவது வரைந்த பனியைப் போட்டுவிட்டு அதை இவன் கேம் என்று எப்படிச் சொல்வது? இரண்டு பேரும் சண்டை போட்டு ஒரு முடிவுக்கு வந்தோம். பழையதை அப்படியே, லுங்கி ஏரியோடு, இலவசமாக வெளியிடுவது. புதியது செய்தால் தனியாக, பழையதை எடுக்காமல். நம் சட்டத்தில் கணினி நிரலுக்கும் ஓவியத்துக்கும், படைத்தவர் மறைந்த பிறகும் 60 வருடம் உரிமை உண்டு. ஆகவே அந்தப் படங்கள் 2081 முடிய அவன் குடும்பத்துக்குச் சொந்தம். அந்தப் பிள்ளைக்கு அப்போது எழுபதை நெருங்கும் வயது. அவளிடமும் அவள் அம்மாவிடமும் கேட்டோம். அம்மா உடனே சரி என்றார். மகள் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள்: பனி கிடைத்த பிறகுதான் வெளியிட வேண்டும்.

அதனால்தான் செயலாளர் அண்ணனிடம் இந்த இருபது நிமிடத்தைக் கேட்டு வாங்கினேன். 2009 பிப்ரவரிக்கும் மே மாதத்துக்கும் நடுவில் எங்கள் ஹாஸ்டலில் இருந்தவர்கள், 2010, 2011 செட் தம்பிகள், எல்லாரும் வீட்டுக்குப் போனதும் பரணைப் பாருங்கள். பீரோவின் அடித்தட்டைப் பாருங்கள். அப்பாவுக்குக் கொடுத்த பழைய நோக்கியா, சார்ஜர் காணாமல் போனது, பேட்டரி உப்பியது, எதுவானாலும் சரி. பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் தயவுசெய்து அதைக் கழற்றிவிட்டு அனுப்புங்கள், ஆன் செய்ய முயல வேண்டாம். மெமரி கார்டு தனியாக இருந்தால் அதுவும் போதும். ஜாவா கேம் கோப்பு என்பது ஒரு ஜிப் மூட்டைதான், கேம் ஓடாவிட்டாலும் அதைப் பிரித்தால் உள்ளிருக்கும் படங்கள் வந்துவிடும். உங்கள் குடும்பப் புகைப்படம், பழைய மெசேஜ் எதையும் பார்க்க மாட்டேன், கேமை மட்டும் நகல் எடுத்துவிட்டுத் திருப்பித் தருகிறேன்.

வேறு செட்காரர்கள் செய்த கேம், மென்பொருள் எதுவானாலும் கொடுங்கள், அதையும் வாங்கிக்கொள்கிறேன். கணினித் துறையில் அதற்கு ஓர் அலமாரி தருவதாகத் துறைத்தலைவர் சொல்லியிருக்கிறார். சாவியும் தருவார் என்று நம்புகிறேன்.

வாசலில் பதிவு மேசைக்குப் பக்கத்தில் ஓர் அட்டைப்பெட்டி வைத்திருக்கிறேன். காலையில் இதுவரை இரண்டு போன் விழுந்திருக்கிறது. ஒன்றில் எங்கள் கேமே இல்லை. இன்னொன்றுக்குச் சார்ஜர் தேடிக்கொண்டிருக்கிறோம், மெல்லிய பின் நோக்கியா சார்ஜர் யாரிடமாவது இருந்தால் சாப்பாட்டுப் பந்தியில் என்னைப் பாருங்கள்.